ஆட்டிசம் உள்ள பிள்ளை பெரியவனாகும்போது: வீட்டிலும் தெருவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிசம், அதாவது மற்றவர்களோடு பழகுவதும் சத்தம், தொடுகையை உணர்வதும் பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கும் நிலை, என்றதும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைதான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருகிறது. தெரப்பி, பேச்சுப் பயிற்சி என்று எல்லாப் பேச்சும் அந்த வயதோடு நின்றுவிடும். அதே பிள்ளைக்கு மீசை முளைத்து, வடசென்னை தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது அவனோடு எப்படிப் பழகுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் தம்பிக்கு இப்போது 19 வயது. அவன் படும் பாட்டில் பெரும்பகுதி, சுற்றியிருப்பவர்கள் அவனைத் தப்பாகக் கணிப்பதால் வருவது. அந்தக் கணிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்கிற முதல் குற்றச்சாட்டு: "ஸ்கூல்ல நல்லாத்தான் இருக்கான், வீட்டுக்கு வந்தாத்தான் ஆடறான்." இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. வகுப்பில் ஐம்பது பேர் சத்தம், ஃபேன் இரைச்சல், உறுத்தும் யூனிஃபார்ம் காலர், "கண்ணப் பாத்துப் பேசு" என்கிற கட்டளை, இவை எல்லாவற்றையும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களைப் போல நடந்துகொள்வதற்கே அவன் சக்தி மொத்தமும் போய்விடுகிறது. வீட்டுக்குள் வந்ததும் அந்த அடக்கம் உடைகிறது. வீட்டில் யாரும் தன்னை விட்டுவிட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிவதும் ஒரு காரணம்.

அந்த நேரத்தில் "இன்னிக்கு இன்னா நடத்துனாங்க, டிபன் சாப்ட்டியா, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு" என்று கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் பக்கத்து வீடுகளில் ஒரு ஹால், ஒரு கிச்சன், அதில் ஐந்து பேர். ஆனாலும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும், மொட்டை மாடி இருக்கும். அது அவன் இடம், அங்கே இருக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டால் போதும். அங்கே அவன் கையை உதறிக்கொண்டோ முன்னும் பின்னும் ஆடிக்கொண்டோ இருந்தால் தடுக்க வேண்டாம். அது அவன் தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்ளும் வழி.

அடுத்தது சத்தம். ஆடி மாதம் வந்தால் வடசென்னையில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். விளக்குக் கம்பத்தில் கோன் ஸ்பீக்கர் கட்டி, விடியற்காலையிலேயே பாட்டு ஆரம்பித்துவிடும். நம் மூளை அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படித் தள்ள முடியாது. ஸ்பீக்கர், மிக்ஸி, எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரி எல்லாம் ஒரே அளவில் உள்ளே வரும். "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி அதற்குள்ளேயே உட்கார வைப்பது தவறு. பழகாது, பயம்தான் கூடும்.

விழா எடுக்கிற பசங்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். எங்கள் தெருவில் கேட்டோம், எங்கள் ஜன்னலைப் பார்த்திருந்த ஸ்பீக்கரை மெயின் ரோடு பக்கம் திருப்பி வைத்தார்கள். எத்தனை மணிக்குப் போடுவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்றும் சொன்னார்கள். அந்த நேரத்தை காலண்டரில் எழுதி வைத்ததும் தம்பிக்குப் பாதி பதற்றம் குறைந்தது. மீதிக்கு காதில் வைக்கும் பஞ்சு, ஹெட்ஃபோன், இல்லையென்றால் அந்த இரண்டு நாள் சித்தி வீடு. திருவொற்றியூர் பட்டினத்தார் கோயில் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாலும் சரி. தீபாவளிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க அவனையும் இழுத்துக்கொண்டு போகாமல், ஒரு மாதம் முன்னாடி வார நாளில் காலையில் கடை திறந்ததும் போய்வந்துவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் சில நாள் தாங்க முடியாமல் உடைந்துவிடுவான். கத்துவான், காதைப் பொத்துவான், தலையில் அடித்துக்கொள்வான். அது அடம் இல்லை. அடம் பிடிக்கிறவன் கேட்டது கிடைத்ததும் நிறுத்துவான், இவனால் அப்படி நிறுத்த முடியாது. அப்போது புத்தி சொல்வது, இறுக்கிப் பிடிப்பது, அடிப்பது எதுவும் வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், அடிபடும் பொருளை நகர்த்துங்கள், ஒரே ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுப்பவரைத் தயவு செய்து தடுத்து நிறுத்துங்கள்.

அப்புறம் நம் பேச்சு. "தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருவோம். நமக்கு அது சாதாரணம். அவன் அந்த ஒரு மணி நேரமும் வாசலில் நிற்பான். "அப்பால பாக்கலாம்" என்றால் இல்லை என்று நமக்குப் புரியும், அவன் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நேரத்தைச் சொல்லுங்கள், மாறினால் மாறியதையும் சொல்லுங்கள். இதனாலேயே எங்கள் வீட்டில் ஷேர் ஆட்டோவை விட மெட்ரோ உதவியாக இருக்கிறது. 2021-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டித்தார்கள். எந்த ஸ்டேஷன் அடுத்து வரும் என்று அறிவிப்பார்கள், நடுவழியில் யாரும் மடியில் இடித்துக்கொண்டு ஏற மாட்டார்கள். தனியாகப் பயணம் செய்யப் பழக்க விரும்புகிறவர்கள் காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி போன்ற கூட்டம் குறைந்த ஸ்டேஷனில், மதிய நேரத்தில் தொடங்கலாம்.

நான் மிகவும் கவலைப்படுவது கலாய்ப்பதைப் பற்றித்தான். நம் ஏரியாவில் பாசத்தையே கலாய்த்துத்தான் காட்டுவோம். ஆட்டிசம் உள்ள பையனுக்கு எது பாசம், எது அவமானம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். "பசங்க தானே, விளையாடறாங்க" என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். கூட்டாளி என்று சொல்லிக்கொண்டு கடைக்கு அனுப்புவார்கள், காசு வாங்குவார்கள், அவன் பெயரில் சிம் கார்டு வாங்குவார்கள், அவனை ஏதாவது சொல்ல வைத்து மாட்டிவிடுவார்கள். "யாரோடயும் சேராதே" என்று வீட்டில் அடைப்பது இதற்கு மருந்தில்லை, அவனுக்கும் நண்பர்கள் வேண்டும். தெளிவான விதிகள் கொடுங்கள்: ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது, ஆதார் கார்டைக் கொடுக்கக்கூடாது, உடம்பில் யாராவது தொட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும், "வீட்ல சொல்லாதே" என்று யார் சொன்னாலும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் சீக்கிரமே வேண்டும். அவர்கள் அமைதியாக இருப்பதால் ஆட்டிசம் என்றே பல வீடுகளில் தெரிவதில்லை.

திடீரென்று நடத்தை மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எதையும் அவன் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு வலிப்பு வளரிளம் பருவத்தில்தான் தொடங்கும். மனச்சோர்வும் பதற்றமும் இந்த வயதில் அதிகம். மந்திரிக்கப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். குணப்படுத்துகிறேன் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லிவிட்டது. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பது இன்னொரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கும் பேச்சு.

அக்காவுக்கு வரன் அமையாது என்று பயந்து மாற்றுத்திறனாளி சான்றிதழே வாங்காத குடும்பங்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் ஆட்டிசம் இருக்கிறது. சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (UDID) இருந்தால்தான் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், கல்லூரி மற்றும் அரசு வேலை ஒதுக்கீடு போன்றவற்றைக் கேட்க வழியுண்டு. தேர்வு நெருங்கும்போது ஓடாமல், பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். 18 வயது ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் (அவனுக்காக முடிவெடுப்பவர்) ஆகிவிட மாட்டார்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய பிள்ளைக்கும் காப்பாளர் போட ஓடாதீர்கள். அவனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதைப் படிக்கிற ஆட்டிசம் உள்ள தம்பிக்கும் தங்கைக்கும் ஒன்று. புரியாமல் தலையாட்டாதீர்கள். "எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க, இல்ல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். தாங்க முடியாமல் போவதற்கு முன்னாடி உங்கள் உடம்பு ஏதாவது சொல்லும், காது சூடாகும், கை இறுகும், பேச்சு வராது. அப்போதே வெளியே வந்துவிடுங்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருங்கள்: "எனக்கு ஆட்டிசம் இருக்கு. இப்போ பேச முடியல. தொடாதீங்க. இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க." ராத்திரியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால், ஓடாமல் நின்று அதை நீட்டுங்கள்.