மின்னஞ்சல் பெட்டி பணம் கேட்கிறதா? கட்டுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது ஒரு ஜிபி இடம் இலவசம் என்றார்கள். தேதியைப் பார்த்துப் பலர் அதை நம்பவே இல்லை. இன்று 15 ஜிபி கிடைக்கிறது, பலருக்கு அதுவும் போதவில்லை. கூகுள் ஃபோட்டோஸில் சுருக்கிச் சேமித்த படங்கள் 2021 மே வரை அந்த 15 ஜிபி கணக்கில் சேராமல் இருந்தன; ஜூன் 1 முதல் ஏற்றியவை சேர்கின்றன. யாஹூவில் வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் வசதி அதே ஆண்டின் தொடக்கத்தில் கட்டணச் சேவையாகிவிட்டது.

மும்பையில் இருக்கும் நமக்கு ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட், சொசைட்டி பில், மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கை எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அதனால்தான் 'இடம் நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பைக் கண்டதும் பலர் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். பயப்படக் காரணம் இருக்கிறது: இடம் முழுக்க நிறைந்தால் ஜிமெயிலில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. ஆனாலும் அவசரப்படாதீர்கள். ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயிலும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கேட்பது யார் என்று பாருங்கள்

அஞ்சல் பெட்டியைத் தரும் நிறுவனம் வேறு, அதைத் திறந்து காட்டும் செயலி வேறு. பணம் கேட்பது செயலி மட்டும்தான் என்றால் தயங்காமல் வேறு செயலிக்கு மாறலாம். உங்கள் முகவரி மாறாது, கடிதங்களும் நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கும். ஜிமெயில் செயலியிலேயே யாஹூ, அவுட்லுக் கணக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கணினிக்குத் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கேட்பது அஞ்சல் நிறுவனமே என்றால் அடுத்த படிகளுக்கு வாருங்கள்.

படி 2: இடத்தை அடைத்திருப்பது எது?

ஜிமெயிலில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் சேமிப்பிடத்தின் அளவு தெரியும். அதையும் தொடுங்கள். ஜிமெயில், டிரைவ் (கோப்புகளைச் சேமிக்கும் கூகுள் சேவை), ஃபோட்டோஸ் மூன்றும் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று தனித்தனியாகக் காட்டும். 15 ஜிபி இந்த மூன்றுக்கும் பொது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தாராவியில் தையல் கூடம் நடத்தும் அண்ணாச்சி ஒருவரின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். துணி மொத்த வியாபாரி அனுப்பிய கேட்லாக், 18 எம்பி பிடிஎஃப். அதை அவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக அனுப்பியிருந்தார். 'அனுப்பியவை' பகுதியில் ஒவ்வொரு அஞ்சலோடும் அதே பிடிஎஃப் முழுதாக உட்கார்ந்திருந்தது. வந்த அஞ்சலை மட்டுமே சுத்தம் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

படி 3: பெரியவற்றை மட்டும் நீக்குங்கள்

இதைக் கணினியில் செய்வது எளிது. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்துங்கள். 'அளவு' என்ற இடத்தில் 'இதைவிடப் பெரியது' என்பதைத் தேர்ந்தெடுத்து, 10 என்று இட்டு, எம்பி என வைத்துத் தேடுங்கள். வருமான வரி, வீட்டு ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை போன்றவை பட்டியலில் வந்தால் முதலில் கணினியிலோ பென் டிரைவிலோ இறக்கிக்கொள்ளுங்கள். மற்றவற்றை நீக்குங்கள்.

வேலை இதோடு முடியவில்லை. நீக்கியவை குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதுவரை அவை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். நீக்காமல் ஆவணக் காப்பகத்துக்கு (ஆர்க்கைவ்) நகர்த்துவதால் ஒரு எம்பிகூட மிச்சமாகாது.

படி 4: படங்களில் கவனம்

கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் போனிலிருந்தும் போய்விடும். பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இப்படி இழந்துவிடாதீர்கள். முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

படி 5: கட்டத்தான் வேண்டும் என்றால்

தொழிலுக்குப் பயன்படுத்துபவர் கட்டுவதில் தவறே இல்லை. ஆனால் கட்டணம் மாதத்துக்கா ஆண்டுக்கா, இலவசச் சோதனைக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகக் கழியும் சந்தாத் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். வங்கிக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடாது. பெற்றோரின் போனில் இதை நீங்களே பார்த்துக் கொடுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்டுகள் மற்றும் சந்தாக்கள்' பகுதிக்குள் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். சந்தாவை நேரடியாக நிறுவனத்தின் தளத்தில் வாங்கியிருந்தால் அங்கே போய்த்தான் நிறுத்த முடியும். யுபிஐ செயலியின் 'ஆட்டோபே' பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

கூகுள் சந்தாவை நிறுத்துவதற்கு முன் மொத்தப் பயன்பாட்டை 15 ஜிபிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். வரம்பைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் போனால், கணக்கில் இருப்பதை நீக்கும் உரிமையைக் கூகுள் தன் விதிகளிலேயே வைத்திருக்கிறது.