மூன்று வயதுக் குழந்தையோடு வேடந்தாங்கல்: அரைநாள் பயணத்துக்கு ஒரு செய்முறை

மகளுக்கு இரண்டு வயது முடிந்த கையோடு அவளை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனோம். ஞாயிற்றுக்கிழமை, சாவகாசமாக டிபன் முடித்துப் பத்து மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். அந்நேரத்தில் பறவைகள் மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவளுடைய மதியத் தூக்கம் வேறு கெட்டுப்போயிருந்தது. இருபது நிமிடம் அழுதாள், திரும்பிவிட்டோம்.

அடுத்த வருடம் அதே இடத்துக்கு, நேரத்தை மட்டும் மாற்றிப் போனோம். அன்று அவளை ஏரிக்கரையிலிருந்து இறக்கிக் கூட்டிவரத்தான் சிரமப்பட்டோம். குழந்தையோடு போகிற பயணம் எப்படி அமையும் என்பதில் இடத்தைவிடப் பருவமும் குழந்தையின் பசி, தூக்க நேரமும்தான் முக்கியம் என்று அப்போது புரிந்தது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தையை முதல்முறையாக வெளியே கூட்டிப்போகிறவர்களுக்காக, நாங்கள் இப்போது செய்கிற முறையை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது தாம்பரம். உங்கள் ஊருக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: மாதத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

பலரும் லீவு கிடைத்ததும் எங்கே போகலாம் என்று யோசிக்கிறோம். நீளமான லீவு கிடைப்பதோ மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில். சின்னக் குழந்தையைப் பகலில் வெளியே கூட்டிப்போக அது சரியான காலமே இல்லை. அதனால் இந்த மாதம் எங்கே என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள், லீவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வயதில் பள்ளிக்கூடக் கெடுபிடியும் இல்லை, ஒரு சனிக்கிழமை போதும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் கணக்கு இது. மார்கழியில் விடிகாலை மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம் பார்க்கலாம். தை, மாசியில் வேடந்தாங்கல். பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் கரைக்கு வந்து முட்டையிடுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அவற்றைத் தேடிப் போகும் இரவு நடை சின்னக் குழந்தைக்கு ஒத்துவராது. ஆனால் மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போய்ப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை உள்ள இடம் வேண்டும், அதற்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் முட்டுக்காடு தட்சிணசித்ரா கலைக்கிராமத்திலும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாசல்வரை போய்த் திரும்பினால் பெரியவர்களைவிடக் குழந்தைக்குத்தான் ஏமாற்றம் அதிகம்.

தெற்கே இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இருக்கிறது. குழந்தைக்குப் புலியருவி மாதிரிச் சின்ன அருவி போதும். குளிக்கத் தடை போட்டிருந்தால் ஓரமாக நிற்கலாமே என்றுகூட நினைக்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மலையில் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது.

இனி வேடந்தாங்கலையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்

வேடந்தாங்கல் ஓர் ஏரி, பரப்பு சுமார் 30 ஹெக்டேர். தொண்டை மண்டலத்தில் சின்ன ஏரியைத் தாங்கல் என்பார்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்தால்தான் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். மழை ஏமாற்றிய வருடத்தில் அவை வேறு நீர்நிலைகளுக்குப் போய்விடும். சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை என்றாலும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் குழந்தையோடு போகத் தோதான காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கூடுகளில் குஞ்சுகளும் இருக்கும். சமீபத்தில் போய் வந்தவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.

மூன்றாம் படி: குழந்தையின் தூக்கத்தை வைத்து நேரம் குறியுங்கள்

எங்களுக்குப் பலன் தந்தது இந்தப் படிதான். ஒரு தாளில் குழந்தையின் சாதாரண நாளை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது சாப்பிடுகிறது, எப்போது வெளிக்குப் போகிறது, எப்போது தூங்குகிறது. அதன் மேல் பறவைகளின் நாளை எழுதுங்கள். காலையில் இரை தேடப் பறந்து போகும், மதியம் ஓய்வு, மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். சரணாலயம் ஆறு மணிக்கு மூடிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தானாக வரும். எங்கள் மகள் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டு இரண்டு மணிக்குத் தூங்குவாள். அதனால் வீட்டில் சாப்பாடு கொடுத்து, ஒன்னுக்குப் போக வைத்து, சரியாக இரண்டு மணிக்குக் காரில் ஏறுவோம். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். ஒன்றரை மணி நேரப் பயணம் முழுக்க அவளுடைய தூக்கத்தில் போய்விடும். மூன்றரை மணிக்குத் தெளிந்த முகத்தோடு கண் திறப்பாள், எதிரில் ஏரி. வாந்தி வருகிற பிள்ளையாக இருந்தால் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் நடுவில் முக்கால் மணி நேரமாவது விடுங்கள், கிளம்பும்போது பால் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை போவது நல்லது. ஞாயிறு மாலை ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை - திருச்சி நெடுஞ்சாலை) சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் நீளமாக நிற்கும். பசித்த குழந்தையோடு அதில் மாட்டிக்கொண்டால் பார்த்த பறவையெல்லாம் மறந்துபோகும்.

நான்காம் படி: எதில் போவது

கார் என்றால் செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, படாளம் கூட்டுச் சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காராதீர்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட் அல்லது குழந்தை இருக்கை வேண்டும் என்பது 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. குழந்தை இருக்கையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தால், ஒரு வாரம் முன்பிருந்தே கடைக்குப் போகும்போதெல்லாம் அதில் உட்காரவைத்துப் பழக்குங்கள். பயண நாளில் பழக்க ஆரம்பித்தால் நடக்காது.

கார் இல்லாதவர்கள் மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரை போகலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து ஊருக்குள் போகும் பேருந்து அடிக்கடி கிடையாது. ஆட்டோ பேசினால் போகவும் வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். இருட்டிய பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி தேடும் நிலை வரக்கூடாது.

ஐந்தாம் படி: மூன்று பறவைகளை மட்டும் சொல்லிக்கொடுங்கள்

குழந்தைக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றை நேரில் பார்ப்பதில்தான் சந்தோஷம். அதனால் ஒரு வாரம் முன்பிருந்து, தூங்கப் போகும்போது, மூன்றே பறவைகளைப் பற்றிப் பேசுவோம். மூக்கை வைத்துச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்று, நத்தைகுத்தி நாரை. அதன் மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கும் சதையை எடுக்க அந்த மூக்கு வாகானது. குஞ்சுகளுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். ‘எனக்குப் பல் வந்த மாதிரியா?’ என்று மகள் கேட்டாள். இரண்டு, கரண்டிவாயன். பெயரிலேயே கரண்டி இருப்பதால் விளக்கமே வேண்டாம். சமையலறைக் கரண்டியை முகத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டைச் சுற்றினாள். மூன்று, நீர்க்காகம். முங்கி மீன் பிடித்துவிட்டு, இறக்கையை விரித்துக் காயவைத்தபடி நிற்கும். கையை விரித்துக் காட்டினால் குழந்தையும் செய்யும்.

வர்ண நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கே இருக்கும். அவை உங்களுக்கு. குழந்தையாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பை

முதல்நாள் இரவே கட்டிவிடுங்கள். காலையில் கட்டினால் ஏதாவது விட்டுப்போகும். எங்கள் பையில் இருப்பவை: இரண்டு மாற்றுடை, ஒரு பழைய வேட்டித் துண்டு (விரிக்க, துடைக்க, போர்த்த, மறைத்து உடை மாற்ற, எல்லாவற்றுக்கும்), எவர்சில்வர் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீர், கைகழுவ வேறொரு பாட்டில் தண்ணீரும் சோப்பும், தொப்பி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று, ஈரத்துணி போட ஒரு பை. மாலையில் கொசு இருக்கும், முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டாம், பச்சையோ காக்கியோ போதும்.

சாப்பாட்டுக்கு, நெய் தடவிய குட்டி இட்லி. ஆறினாலும் மெத்தென்று இருக்கும், சிந்தாது, கையாலேயே எடுத்துச் சாப்பிடும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடுகிறது. ஏலக்கி வாழைப்பழம் இரண்டு போடலாம். வேர்க்கடலை வேண்டாம். ஓடும் வண்டியில் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சை என்றால் நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். வாசலில் சின்னக் கடைகள் உண்டு, ஆனால் குழந்தையின் சாப்பாட்டுக்கு அவற்றை நம்பிப் போகாதீர்கள்.

பொம்மை எடுத்துப்போகாதீர்கள். அங்கே தொலைந்தால் அன்றைய பேச்சு முழுக்க அதுவாகவே இருக்கும். அதற்குப் பதில் பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டி ஒட்டிய ஒரு குழல் எடுத்துப்போங்கள். இது ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

ஏழாம் படி: ஏரிக்கரையில்

இறங்கியதும் முதல் வேலை கழிப்பறை. வரவில்லை என்று சொன்னாலும் ஒருமுறை கூட்டிப்போய்விடுங்கள். அப்புறம் இரண்டு இட்லி. வயிறு நிறைந்த பிறகுதான் டிக்கெட், கரை எல்லாம்.

கரைமேல் ஏறியதும் குழந்தைக்கு முதலில் எட்டுவது சத்தம். ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் கத்தும் இரைச்சலும் எச்சத்தின் வாடையும் சேர்ந்து வரும். சில குழந்தைகள் பயந்து காலைக் கட்டிக்கொள்ளும். ‘அங்கே பார், அங்கே பார்’ என்று இழுக்காதீர்கள். தூக்கி வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அதுவே கீழே இறங்கும்.

பெரியவர்கள் பைனாகுலரில் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அதன் இரண்டு வட்டத்தையும் ஒன்றாக்கிப் பார்க்க வராது, எடையும் தாங்காது. அட்டைக் குழலைக் கொடுங்கள். அது எதையும் பெரிதாக்காது, ஆனால் மற்றதையெல்லாம் மறைத்து ஒரு மரத்தை மட்டும் காட்டும். முதல் வருடம் ‘பறவை எங்கே?’ என்றே கேட்டுக்கொண்டிருந்தவள், அடுத்த வருடம் குழல் வழியாகப் பார்த்து ‘அம்மா, அது சாப்பாடு ஊட்டுது’ என்றாள். தாய்ப்பறவையின் வாய்க்குள் குஞ்சு தலையை விட்டுக்கொண்டிருந்தது.

முழுக் கரையையும் நடக்க வேண்டாம். கூடு நன்றாகத் தெரிகிற ஓரிடத்தில் துண்டை விரித்து உட்காருங்கள். பார்வைக் கோபுரத்தில் ஏறினால் கையை விடவே விடாதீர்கள், கரையின் தண்ணீர்ப் பக்கமாக நீங்கள் நடங்கள். கீழே கிடக்கும் இறகை எடுக்க விடாதீர்கள், எதைச் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எச்சம் விழாத இடமே அங்கே இல்லை.

அந்த எச்சத்துக்கு ஒரு கதை உண்டு, அதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளை வேட்டைக்காரர்களிடமிருந்து காத்துவந்தார்கள். 1798இலேயே, செங்கல்பட்டுச் சீமைக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் காலத்தில், இதற்காக எழுத்துமூலம் உத்தரவு வாங்கினார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெறுவதற்கு 200 வருடங்களுக்கு முன்பே அந்தப் பாதுகாப்பு இருந்தது. என் மகளுக்கு நான் இதைச் சொன்ன விதம்: ‘பறவை வயலுக்குச் சாப்பாடு போடுது, வயல் நமக்குச் சாப்பாடு போடுது, அதனால ஊர்க்காரங்க பறவையைத் திட்டவே மாட்டாங்க.’ அன்றிலிருந்து மொட்டை மாடியில் காயும் துணியில் காக்கா எச்சம் போட்டால்கூட என்னைத் திட்ட விடுவதில்லை.

ஐந்து மணிக்கு மேல் வானத்தை மட்டும் பாருங்கள். நாலாபக்கமிருந்தும் வரிசை வரிசையாக வந்து இறங்கும். அந்த நேரத்தில் செல்போனில் படம் எடுக்கும் ஆசை வரும், இரண்டு எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இது அதிசயம் என்று தெரிந்துகொள்கிறது.

எட்டாம் படி: திரும்புவது

குழந்தை சோர்ந்த பிறகு கிளம்பாதீர்கள், அதற்குக் கால் மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ‘இன்னும் மூன்று பறவை இறங்கட்டும், அப்புறம் போகலாம்’ என்று சொல்லிச் சேர்ந்து எண்ணினால் அழுகை குறையும். வண்டியில் ஏறும் முன் இன்னொருமுறை கழிப்பறை, உடை மாற்றம், மிச்ச இட்லி. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோவில் பக்கம்தானே, அதையும் பார்த்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அடுத்தமுறை பார்க்கலாம். ஒரு பயணத்துக்கு ஓர் இடம் போதும்.

இரவு ஏழரை, எட்டுக்கு வீடு. சூடாக ரசம் சாதம், குளியல், தூக்கம். மறுநாள் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு தாளும் கிரேயானும் பக்கத்தில் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஒட்டியிருப்பது ஒரு பச்சை மரமும் அதன் மேல் ஏழு கரண்டிகளும்.