நாடாளுமன்ற நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் ஒவ்வொரு செலவுக்கும் கணக்குக் கேட்கும் அவை, தன் செலவுக்குக் கணக்குக் காட்டத் தயங்கினால் அதன் கேள்விகளுக்கு மதிப்பிருக்காது. அரசின் தலையீடு கூடாது என்பதற்காகவே நாடாளுமன்றங்களுக்குத் தனிச் செயலகம் அமைகிறது. இந்திய அரசமைப்பின் 98ஆம் உறுப்பும் அதற்கே வழிசெய்கிறது. இந்தத் தன்னாட்சியைத் தணிக்கையிலிருந்து பெற்ற விலக்காகக் கருதுவதே முதல் தவறு. பிற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பிரிட்டன் மக்களவையில் உறுப்பினர்களின் படிகளுக்கான (பணிச் செலவுக்குத் தரும் தொகைகளுக்கான) விதிகளை அவையே வகுத்தது, கோரிக்கைகளை அவையின் அலுவலகமே சரிபார்த்தது. உறுப்பினர் நீட்டும் ரசீதை, அந்த அவையின் கீழேயே பணிபுரியும் ஓர் அலுவலர் எவ்வளவு கறாராகத் திருப்பி அனுப்ப முடியும்? முறையற்ற கோரிக்கைகளின் விவரங்கள் 2009இல் நாளிதழில் வெளியானபோது அவைத் தலைவரே பதவி விலக நேர்ந்தது. படிகளைக் கவனிக்கத் தனி அமைப்பொன்று அதே ஆண்டுச் சட்டத்தால் உருவானது. ஊழல் வெடிக்கும்வரை காத்திராமல் இதை முன்பே செய்திருக்கலாம் என்பதே என் கருத்து.

வடிவமைப்பு முடிவாகும் முன்பே கட்டடச் செலவை அறிவிப்பது அடுத்த தவறு. ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1997இல் சொல்லப்பட்ட உச்ச மதிப்பு 4 கோடி பவுண்டு; 2004இல் கட்டடம் திறக்கப்பட்டபோது செலவு 40 கோடியைத் தாண்டியிருந்தது. விலையேற்றத்தின் சுமை பெரும்பாலும் ஒப்பந்ததாரர் மேல் விழாமல் பொதுப் பணத்தின் மேல் விழும் ஒப்பந்த முறையைத் தேர்ந்ததும், தேவைகள் இடையில் மாறிக்கொண்டே இருந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். பராமரிப்பைத் தள்ளிப்போடுவதும் செலவைக் குறைப்பதாகாது, பிரிட்டன் நாடாளுமன்றம் இயங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பழுதே அதற்குச் சான்று.

அவை நடைமுறையில் தேர்ந்த செயலாளரே கொள்முதல், பணியாளர், கணினி என அனைத்தையும் நிர்வகிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அவை நடைமுறைக்கும் நிர்வாகத்துக்கும் வேண்டிய திறன் வேறு வேறு என்பதால்தான் பிரிட்டன் மக்களவை 2015இல் நிர்வாகத்துக்கெனத் தலைமை இயக்குநர் பதவியை ஏற்படுத்தியது.

செலவைக் குறைக்கும் நேரத்தில் நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வுப் பணியாளர்கள்மீது முதலில் கை வைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. வரவு செலவுத் திட்டத்தின் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து, சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகையில் செலவாகாமல் நின்றது எது என்று உறுப்பினருக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்களே. அவர்கள் இல்லாத குழுவுக்கு அமைச்சகம் தரும் குறிப்பைத் தவிர வேறு துணை இராது.