மலையில்லாத ஊரிலிருந்து மவுண்டன் பைக்: தொலைதூர ஓட்டத்தைப் பார்க்கவும் ஓடவும் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

“மட்டக்களப்பில எங்க மலை இருக்கு, நீ மவுண்டன் பைக் ஓட?” இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. குடும்பிமலையைச் சொன்னால் இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். சரி, சிரிக்கட்டும். நான் சொல்லப்போகிற ஓட்டங்களில் மலை பாதிதான். மற்றப் பாதி, நாள் முழுக்க இறங்காமல் சீற்றில் இருப்பது. அதை வாவிக்கரையிலேயே பழகலாம்.

படி 1: சைக்கிளைத் தொடுவதற்கு முன் ஒரு ஓட்டத்தைப் பாருங்கள்

தொடங்குவதற்கு நல்லது டூர் டிவைட். கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கி, ரொக்கி மலைத்தொடரை ஒட்டி, அமெரிக்க–மெக்சிக்கோ எல்லையில் இருக்கிற அன்டலோப் வெல்ஸ் வரை ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். பெரும்பகுதி கிரவல் பாதை. வழியில் ஆக உயரமான இடமான இண்டியானா கணவாய் 3,630 மீற்றர். எங்கள் பீதுருதலாகலையைவிட ஆயிரம் மீற்றருக்கும் மேலே. 2008 இல் தொடங்கிய இந்த ஓட்டம் ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை புறப்படும். பரிசுப்பணம் கிடையாது. ஒரு தடவை ஓடத்தொடங்கிய கடிகாரம் முடிவு வரை நிற்காது. நீங்கள் தூங்கினாலும் அது ஓடும்.

இதன் முக்கியமான சட்டம், வெளியுதவி கூடாது என்பது. புதியவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம் என்பார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவருக்கு அப்படியில்லை. உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் தோளில் கிடப்பதுதான் சொத்து. வழியில் எல்லோருக்கும் பொதுவாகத் தண்ணீரோ அன்னதானமோ கொடுத்தால் நீங்களும் கையேந்தலாம். ஆனால் உங்கள் மச்சான் மோட்டார் சைக்கிளில் தேடி வந்து உங்களுக்கு மட்டும் புட்டும் மீன்கறியும் தந்தால்? முருகன் ஒன்றும் சொல்லமாட்டார். டூர் டிவைடில் அது பிழை. கடையில் வாங்கலாம், விடுதியில் காசு கொடுத்துத் தங்கலாம். எல்லோருக்கும் திறந்திருக்கிற கதவு எதுவானாலும் தட்டலாம், உங்களுக்கு மட்டும் திறக்கிற கதவைத் தட்டக்கூடாது.

டூர் டிவைட் பிடித்துப்போனால் அடுத்ததாக கிர்கிஸ்தானில் நடக்கிற சில்க் ரோட் மவுண்டன் ரேஸைப் பாருங்கள், 2018 இல் தொடங்கியது. எட்டு நாள், இருவர் கொண்ட அணி, ஒவ்வொரு இரவும் முகாமில் சாப்பாடு என்று நடப்பது தென்னாபிரிக்காவின் கேப் எபிக். அது வேறு சாதி. நான் இங்கே சொல்வது அதைப்பற்றி இல்லை.

படி 2: புள்ளியைப் படிக்கப் பழகுங்கள்

ஓடுகிறவர்கள் செய்மதியோடு பேசுகிற சிறிய ஜி.பி.எஸ். கருவியைச் சைக்கிளில் கட்டியிருப்பார்கள். ட்ராக்லீடர்ஸ் போன்ற தளங்களில் ஒவ்வொருவரும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவார். இதைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களை ‘டொட் வொச்சர்’ என்பார்கள். பான்ஃபில் காலை எட்டு என்றால் இங்கே இரவு ஏழரை. இரவுச் சாப்பாட்டோடு தொடங்கினால் நித்திரை போவது நிச்சயம்.

முதலிரண்டு நாள் யார் முன்னுக்கு என்று மட்டும் பார்ப்பீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒரு கொப்பியை எடுங்கள். பிடித்த ஒரு புள்ளியைத் தெரிந்து, தினமும் இரவு எட்டு மணிக்கு அது எத்தனையாவது கிலோமீற்றரில் நிற்கிறது என்று எழுதுங்கள். நேற்றையதை இன்றையதிலிருந்து கழித்து 24 ஆல் பிரியுங்கள். வருகிற எண்ணைப் பார்த்து நீங்களே நம்பமாட்டீர்கள்.

உதாரணத்துக்கு, 2016 இல் மைக் ஹோல் இந்த ஓட்டத்தை 13 நாள் 22 மணித்தியாலம் 51 நிமிடத்தில் முடித்தார். அந்தச் சாதனை 2024 வரை நின்றது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 315 கிலோமீற்றர். மணிக்கணக்கில் பார்த்தால் 13. ரியூசன் விட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளை மிதிக்கிற வேகம் அது. நித்திரை, சாப்பாடு, ஏற்றம், மழை எல்லாவற்றையும் உள்ளே போட்டபிறகும் 13 மிஞ்சுகிறது, அதுதான் விசயம். மிதிக்கிற வேகத்தில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் கூட்ட மாதக்கணக்கில் உயிர் போகும். நிற்கிற நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் குறைக்க ஒரு கொப்பி போதும்.

புள்ளி அசையவில்லை என்றால் உடனே பதறவேண்டாம். மின்கலம் தீர்ந்திருக்கும், பள்ளத்தாக்கில் செய்மதி எட்டாமலிருக்கும், அல்லது ஆள் எங்காவது சுருண்டு படுத்திருப்பார்.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்கவேண்டும்: ஐ.ரி.ரி. கூட்டத்தோடு புறப்படாமல், அதே பாதையில், அதே சட்டங்களோடு, தான் விரும்பிய நாளில் தனியே கடிகாரத்தோடு ஓடுவது. 2015 இல் லேல் வில்கொக்ஸ் அலாஸ்காவிலிருந்து சைக்கிளிலேயே பான்ஃபுக்கு வந்து, ஜூன் ஓட்டத்தில் சேர்ந்து, இடையில் நெஞ்சுச் சளியோடு மல்லுக்கட்டி, அப்படியும் பெண்கள் சாதனையை முறியடித்தார். அது போதாமல் அதே கோடையில் திரும்பப் போய்த் தனியே ஓடி 15 நாள் 10 மணித்தியாலம் 59 நிமிடம் என்று இறக்கினார்.

படி 3: சைக்கிள்

முதல் மாதத்துக்கு வீட்டில் நிற்கிற லுமாலா போதும். வாங்கத்தான் வேண்டும் என்றால் முன்னுக்கு மட்டும் ஸ்பிரிங் உள்ளதாக, அல்லது ஸ்பிரிங்கே இல்லாததாக வாங்குங்கள். மலிவு விலையில் பின்னுக்கும் ஸ்பிரிங் வைத்து வருபவை பாரம், உடைந்தால் சாமானும் கிடைக்காது. மிதிக்கும்போது கால் லேசாகச் சுற்றுகிற சிறிய கியர் கட்டாயம். சில்லின் அளவைத் தெரிவுசெய்யும்போது இணையத்தில் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்காமல், உங்கள் சந்தியில் எந்த அளவு ரியூப் தொங்குகிறது என்று பாருங்கள்.

சீற் உயரத்துக்கு எளிய வழி: சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே வரும்போது முழங்கால் நேராகவேண்டும். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் சீற்றைப் பதித்துவைத்து ஓடி, முழங்கால் நோகிறது என்று எண்ணெய் பூசுகிறார்கள்.

படி 4: ஒட்டுப் போடுவது

இதில் அவசரப்படாதீர்கள். வீட்டு முற்றத்தில் மூன்று தடவையாவது கழற்றிப் பூட்டிப் பழகாமல் வவுணதீவுப் பாலத்தைத் தாண்டவேண்டாம்.

ரியூப்பை வெளியே எடுத்ததும் காற்றடித்து, மெதுவாகக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சின்ன ஓட்டையையும் கன்னம் பிடித்துக்கொள்ளும். வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் தண்ணீரில் அமத்திப் பாருங்கள், குமிழி வரும். ஓட்டையைச் சுற்றிச் சொரசொரப்பான தாளால் பளபளப்புப் போகும்வரை உரஞ்சுங்கள். சொலூசனை மெல்லியதாகப் பூசி, விட்டுவிடுங்கள். இங்கேதான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள்: ஈரமாக இருக்கும்போதே ஒட்டைப் பதிப்பார்கள். சொலூசன் மங்கி, விரல் நுனியில் ஒட்டாமல் வந்தபிறகே ஒட்டை வைத்துப் பெருவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உள்பக்கத்தைத் தடவவேண்டும். நான் இதை ஒரு நாள் விட்டேன். உன்னிச்சைக் குளத்துக்குப் போகிற வழியில் ஒட்டுப் போட்டுப் பூட்டினால் இருநூறு மீற்றரில் காற்று இறங்குகிறது. மறுபடி ஒட்டு, மறுபடி இறக்கம். மூன்றாம் தடவைதான் ஒரு பழந்துணியை ரயருக்குள் வைத்துச் சுற்றி இழுத்தேன். ஓரிடத்தில் நூல் சிக்கியது. நெருஞ்சி முள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ரப்பருக்குள் முழுதாகப் புதைந்து கிடந்தது. பிறகு வாசித்தபோது ஒரு சின்னச் சந்தோசம்: டூர் டிவைட் முடிகிற நியூ மெக்சிக்கோவில் ஓடுகிறவர்கள் திட்டித் தீர்க்கிற முள்ளும் இதே நெருஞ்சிதானாம்.

நான் ரியூப் வாங்குகிற ஆரையம்பதிக் கடை அண்ணனிடம் கதையைச் சொன்னேன். “முள்ள உள்ளுக்க வெச்சிக்கிட்டு ஒட்டுப் போட்டா, மறுகா மறுகா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கணும் தம்பி” என்றார். புதிய ரியூப்புக்கு விலை குறைக்கவில்லை.

படி 5: பைகள்

ஹான்டிலில் ஒன்று, சைக்கிள் ஃபிரேமின் நடுவில் ஒன்று, சீற்றுக்குப் பின்னால் ஒன்று. பாரமானவை நடுவில், உடுப்பு பின்னால், மழையுறை முன்னால். விலைகூடிய பைகள் வரும்வரை தண்ணீர் போகாத எந்தப் பையையும் பழைய ரியூப் வாரால் இறுக்கிக் கட்டலாம். முதுகில் மட்டும் பை வேண்டாம். எங்கள் வெயிலுக்கு முதுகு வெந்துவிடும்.

படி 6: மூன்று பயணங்கள், ஒரு கொப்பி

முதலாவது, நகரிலிருந்து கல்லடிப் பாலம், ஆரையம்பதி, மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு வழியாக வாவியைச் சுற்றி வருவது. நாற்பது கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். இரண்டாவது, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம் போய்த் திரும்புவது, ஏறக்குறைய அறுபது. மூன்றாவது இரண்டு நாள்: கல்முனை, சம்மாந்துறை வழியாக அம்பாறை போய்த் தங்கி, மறுநாள் வயல் பாதைகளால் மண்டூர் வந்து வீடு சேர்வது. அடுத்தடுத்த நாள் ஓடினால்தான் உடம்பின் உண்மையான குரல் கேட்கும். இரண்டாம் நாள் காலை சீற்றில் குந்தும்போது என்ன சொல்கிறதோ, அதுதான்.

ஏற்றம் வேண்டுமென்றால் செங்கலடியில் தொடங்குகிற பதுளை வீதி இருக்கிறது; மகாஓயா, பிபிலை தாண்டினால் லுணுகலைப் பக்கம் கால் கதறும். அவ்வளவு தூரம் போகமுடியாதவர்களுக்குக் கச்சான் காற்று இருக்கிறது. கோடையில் மேற்கே திரும்பினால் முகத்தில் அடிக்கும், எந்த மலைக்கும் குறையாது. அதனால் போகும்போது மேற்கே, வரும்போது கிழக்கே என்று வையுங்கள். களைத்தபிறகு காற்று முதுகைத் தள்ளவேண்டும்.

ஒவ்வொரு பயணத்திலும் எங்கே, எத்தனை நிமிடம், எதற்காக நின்றீர்கள் என்று எழுதுங்கள். என் முதல் உன்னிச்சைப் பயணத்தின் கணக்கைக் காட்டுகிறேன், வெட்கப்படவில்லை. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு பகல் இரண்டரைக்கு வீடு. வவுணதீவில் பிளேன்ரீயும் ரொட்டியும் கதையும் 35 நிமிடம். நெருஞ்சி 85. குளக்கட்டில் படம் எடுத்ததும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் 75. திரும்பும் வழியில் மருத மரத்தடியில் ‘கொஞ்ச நேரம்’ சாய்ந்தது 65. ஒன்பது மணித்தியாலத்தில் நான் மிதித்தது நாலு மணி நாற்பது நிமிடம். அந்த நேரத்தை மட்டும் எடுத்தால் மணிக்கு 13 கிலோமீற்றர் வருகிறது. மைக் ஹோலுக்கும் அதே 13. அவருக்கு அது நித்திரையைச் சேர்த்து, எனக்கு நித்திரையைக் கழித்து.

படி 7: வயிறு, வெயில், யானை

பசிக்கமுன் சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது பொதுவான கணக்கு; நடுத்தர வாழைப்பழம் இரண்டு கிட்டத்தட்ட ஐம்பது தரும். பேரீச்சம்பழமும் எள்ளுருண்டையும் நசியாமல் கிடக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள். ஒரு போத்தலில் உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பொடியைக் கரைத்துவையுங்கள், பொதியில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்.

ஆயித்தியமலை, உன்னிச்சை, புல்லுமலைப் பக்கம் நன்றாக விடிந்தபிறகு நுழைந்து, மாலை நாலரைக்கு முன் வெளியே வந்துவிடவேண்டும். ரொக்கி மலையில் ஓடுகிறவர்கள் கரடி திடுக்கிடக்கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டே போவார்கள். யானையிடம் அந்த வித்தை வேண்டாம். கண்டால் மணி அடிக்காமல், படம் எடுக்காமல், வந்த வழியே திரும்புங்கள். அன்றைய கணக்கு கெட்டால் கெடட்டும். கல்லோயா போன்ற தேசிய வனத்துக்குள் சைக்கிளோடு நுழைகிற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

கல்முனை வீதியில் பின் லைற் பகலிலும் எரியட்டும். மேலே சொன்ன மைக் ஹோல் 2017 மார்ச்சில், அவுஸ்திரேலியாவில், கன்பராவுக்கு அருகே வீதி ஓட்டமொன்றில் கார் மோதித்தான் இறந்தார். அவ்வளவு மலை ஏறி இறங்கிய மனிதர்.

படி 8: உங்கள் புள்ளி

மூன்றாவது பயணத்துக்குப் புறப்படுமுன் வட்ஸ்அப்பில் லைவ் லொக்கேசனை எட்டு மணித்தியாலத்துக்குப் போட்டு வீட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள். எட்டு முடிந்தால் மறுபடி போடவேண்டும். செய்மதிக் கருவி வாங்காமல் ஐ.ரி.ரி. ஓட இது போதும். பாதையையும் சட்டத்தையும் முன்கூட்டியே எழுதி அதையும் அனுப்பிவிடுங்கள்: மச்சானின் புட்டு கிடையாது, கடைச் சாப்பாடு சரி, நின்ற நேரமும் கணக்கில்.

எச்சரிக்கை ஒன்று. வீட்டில் ஒரு டொட் வொச்சர் பிறந்துவிட்டால் நிம்மதி போய்விடும். போன தடவை மண்டூரில் வந்து நின்றேன். எங்கள் ஊரில் ‘பாதை’ என்றால் வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். குருமண்வெளிக்குப் போக அதில் ஏறவேண்டும். ஐந்து நிமிடத்தில் அக்காவின் அழைப்பு.

“என்னடா, உன்ட புள்ளி ஆடாம அசையாம நிக்கிது?”

“பாதை அக்கரையில நிக்கிதுக்கா.”

“சும்மா சொல்லாத. மறுகாவும் பிளேன்ரீயா?”

கொப்பியில் எழுதினேன்: மண்டூர், பாதைக்குக் காத்திருந்தது, 25 நிமிடம். காத்திருந்தபோது பிளேன்ரீயும் குடித்தேன், அதைத் தனியாக எழுதவில்லை.