வடசென்னையிலிருந்து பாண்டிக்கு ஒரே நாளில், ஆயிரம் ரூபாயில்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

பாண்டிச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களுக்கும் காகிதப்பூக் கொடிகளுக்கும் கடற்கரைச் சாலைக்கும் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பாண்டி காசு தின்னும் ஊர் என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் அறை வாடகையும், விலைப்பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்துவிடும் கஃபேக்களும்தான். இரவு தங்காமல், மதியச் சாப்பாட்டைச் சரியான தெருவில் சாப்பிட்டுத் திரும்பினால் தலைக்கு ஆயிரம் ரூபாய் தாராளம்.

வடசென்னைக்காரர்களுக்குத் தட்டுப்பாடு காசில் இல்லை, நேரத்தில். திருவான்மியூரில் இருப்பவர் தெருமுனைக்கு வந்து பஸ் ஏறிவிடலாம். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ இருப்பவர் பாண்டி பஸ் ஏறுவதற்கு முன் பாதிச் சென்னையைக் கடக்க வேண்டும். திரும்பும்போது கடைசி மெட்ரோ போய்விட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஆட்டோவுக்குப் போய்விடும். அதனால் இந்தத் திட்டத்தை இரவிலிருந்து பின்னோக்கிப் போட்டிருக்கிறோம்: மாலை 5.45க்குப் பாண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. திங்கட்கிழமை பாண்டி அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்றால் போகலாம், காந்தி வீதியில் ஞாயிறு சந்தையும் இருக்கும். ஆனால் அன்று மாலை சென்னை திரும்பும் பஸ்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. திரும்பும் டிக்கெட்டை அரசுப் போக்குவரத்துக் கழக இணையதளத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவை அரவிந்தர் ஆசிரமத்தின் தரிசன நாட்கள். வரிசையிலேயே காலை கழிந்துவிடும். டிசம்பர் 31 பக்கம் போகவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நடப்பதற்கு இதமானவை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை எப்போது வேண்டுமானாலும் நாளைக் கெடுக்கும்.

படி 2: முந்தின இரவு பை கட்டுவது

தண்ணீர் பாட்டில், தொப்பி, பவர் பேங்க், ஒரு துண்டு. காலில் பிடிப்புள்ள செருப்பு போதும். கோயிலிலும் ஆசிரமத்திலும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் ஷூ தொல்லை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக 300 ரூபாய் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவிலும் கட்டணக் கழிப்பறையிலும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் நேரம் போகும்.

காலைச் சாப்பாட்டைக் கட்டாயம் கட்டிக்கொண்டு போங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு, அல்லது லெமன் சாதம். நடுவழியில் பஸ் எங்காவது நின்றால், அங்குள்ள சாப்பாட்டுக் கடையில் ஊர் விலையைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும்.

படி 3: கோயம்பேடு போய்ச் சேர்வது

முதல் மெட்ரோ காலை 5 மணிவாக்கில். விம்கோ நகர், திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லாமே நீல வழித்தடம். சென்ட்ரலில் இறங்கி, வேறு தளத்துக்குப் போய்ப் பச்சை வழித்தட ரயிலில் ஏற வேண்டும். இந்த மாற்றத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு வண்ணாரப்பேட்டையோ மண்ணடியோ எது பக்கமோ அது. எண்ணூர், அத்திப்பட்டிலிருந்து வருபவர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோவில் ஏறலாம்.

புதிதாகப் போகிறவர்கள் தவறுவது இங்கேதான். பச்சை வழித்தடத்தில் ‘கோயம்பேடு’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இறங்காதீர்கள், அது மார்க்கெட் பக்கம். அதற்கு அடுத்த ஸ்டேஷனான சி.எம்.பி.டி.தான் பஸ் நிலைய வாசல். முன்னதில் இறங்கிவிட்டால் மூட்டை தூக்குபவர்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே நடக்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு மாநகரச் சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை. கோயம்பேடு வரை அதில் போனால் மெட்ரோ காசு மிச்சம், ஆனால் அதற்கேற்ப முன்னதாகக் கிளம்ப வேண்டும். பாண்டி பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது.

படி 4: எந்த பஸ், எந்தப் பக்கம்

பாண்டிக்கு இரண்டு வழி. ஒன்று கடற்கரையோரமாகப் போகும் ஈ.சி.ஆர்., இன்னொன்று திண்டிவனம் வழியாகப் போகும் பைபாஸ். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபின் தெற்கே போகும் பைபாஸ் பஸ்கள் அங்கே மாறிவிட்டன. கோயம்பேட்டில் நின்று “ஈ.சி.ஆர். பாண்டி எங்கே நிக்குது?” என்று கேளுங்கள். வெறுமனே “பாண்டி பஸ்” என்று கேட்டால் கிளாம்பாக்கத்துக்குக் கைகாட்டிவிடலாம்.

6.15க்குள் ஏறினால் பத்து மணிவாக்கில் பாண்டி. மூன்றரை முதல் நாலு மணி நேரம் ஆகும். ஒரு வழிக்கு 200 ரூபாய் ஒதுக்குங்கள், ஏசி பஸ் என்றால் கூடும். திருவான்மியூர் வருவதற்குள் பஸ் நிரம்பிவிடும் என்பதால், தூரம் அதிகமானாலும் கோயம்பேட்டிலேயே ஏறுவது நல்லது.

கடல் இடப்பக்கம். காலை வெயிலும் அதே இடப்பக்கம்தான். கடல் கண்ணில் படுவது சில இடங்களில் மட்டுமே, மற்ற இடமெல்லாம் சுற்றுச்சுவரும் சவுக்குத் தோப்பும். ஆகவே வெயில் ஆகாதவர்கள் தயங்காமல் வலப்பக்கம் உட்காரலாம். முட்டுக்காடு பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். மரக்காணத்தில் உப்பளங்கள் வரும், அப்போது தூங்கிவிடாதீர்கள்.

ரயிலும் உண்டு. காலையில் பாண்டிக்குப் போகும் பாசஞ்சரில் முன்பதிவில்லா டிக்கெட் பஸ்ஸைவிட மிக மலிவு. ஆனால் விழுப்புரம் சுற்றிப் போகும், திரும்பும் ரயில் பிற்பகலிலேயே கிளம்பிவிடும். கடற்கரையின் நல்ல நேரம் கைவிட்டுப் போகும். போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று கலந்துகொள்ளலாம். எழும்பூரிலா தாம்பரத்திலா, எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாள் ரயில்வே செயலியில் பார்த்துவிடுங்கள்.

படி 5: பகல் 12க்கு முன் முடிக்க வேண்டியவை

பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். எல்லோரும் நேரே கடலுக்கு ஓடுவார்கள். அது தவறு. பத்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் நிழலே இருக்காது. கோயிலும் ஆசிரமமும் மதியம் மூடிவிடும். ஆகவே ஷேர் ஆட்டோவில் நேரு வீதிப் பக்கம் இறங்கிக் கிழக்கே நடந்து மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போங்கள். தனி ஆட்டோ என்றால் ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமம். நுழைவு இலவசம், பகல் 12 வரை, பிறகு 2 மணிக்குத்தான் திறப்பார்கள். கைப்பேசியை அணைக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தையோடு போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பாரதி பூங்கா. நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம்தான் ஆயி மண்டபம், எதிரில் ராஜ் நிவாஸ் எனப்பட்ட துணைநிலை ஆளுநர் மாளிகை. பெஞ்சும் மர நிழலும் உண்டு, கால் ஆற்றிக்கொள்ள இதைவிட நல்ல இடம் வெள்ளை நகரத்தில் இல்லை.

தெருக்களைப் பற்றி ஒன்று. பழைய நகரம் கட்டம் போட்டதுபோல் நேர்நேரான வீதிகள். வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி. வழி தவறினால் கடல் காற்று வரும் திசையைக் கிழக்கென்று வைத்து நடந்தால் போதும். பெயர்ப்பலகையில் ‘ரூ’ என்று பிரெஞ்சில் இருப்பது தெரு என்பதுதான். சாம்பல் நிறம் பூசிய கட்டடங்கள் பெரும்பாலும் ஆசிரமத்தைச் சேர்ந்தவை. படம் எடுக்கும்போது கதவுப்படியில் ஏறி உட்காராதீர்கள். உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, பள்ளிகளும் நடக்கின்றன.

படி 6: சாப்பாடு, வாய்க்காலுக்கு மேற்கே

பசி வந்ததும் வாய்க்காலைத் தாண்டுங்கள். நேரு வீதி, காந்தி வீதி, மிஷன் வீதிப் பக்கங்களில் சைவமும் அசைவமும் சாதாரண விலையில் கிடைக்கும், 150 ரூபாய்க்குள் வயிறு நிறையும். வெள்ளை நகரத்துக் கஃபேயில் அதே பணத்துக்கு ஒரு குளிர்பானம்தான் வரும், சில இடங்களில் அதற்குமேல் வரியும் சேவைக் கட்டணமும். அந்த அனுபவம் வேண்டுமென்றால் மாலையில் கடற்கரைச் சாலையில் அரசு நடத்தும் கஃபேயில் கடலைப் பார்த்தபடி ஒரு காபி குடியுங்கள். உட்காரும் முன் விலைப்பட்டியலைக் கேளுங்கள்.

சாப்பிட்டபின் தமிழர் பகுதியில் திண்ணை வைத்த வீடுகள் உள்ள வைசியாள் வீதியில் நடக்கலாம். 1908 முதல் 1918 வரை பாரதி இந்த ஊரில்தான் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. வெள்ளை நகரத்தைப் படம் பிடித்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மஞ்சள் சுவர் எதையும்விட இந்த வீட்டுக்கு அரை மணி நேரம் கொடுப்பது மேல்.

படி 7: மூன்று மணிக்குமேல் கடல்

தெற்குப் பக்கம் துய்மா வீதியில் ஆரம்பியுங்கள். அங்கே 1855இல் கட்டி முடித்த மாதா கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் ‘கப்ஸ் கோயில்’ என்று கேட்டால் காட்டுவார்கள். அதற்குக் கிழக்கே போனால் கடற்கரைச் சாலை. தெற்கு முனையில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை. அங்கிருந்து வடக்கே நடந்தால் காந்தி சிலை, எதிரில் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், அப்புறம் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை.

கட்டடங்கள் மேற்கே இருப்பதால் நாலு மணிக்குமேல் அவற்றின் நிழல் சாலையில் விழத் தொடங்கும். அதுதான் உட்கார வேண்டிய நேரம். இது கிழக்குக் கடற்கரை, அஸ்தமனம் கடலில் தெரியாது. அதற்காகக் காத்திருந்து பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். மாலை 6க்குமேல் இந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பது தங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் சுகம்.

மணலுக்குப் பதில் ஏன் இவ்வளவு கருங்கல் என்று கேட்பவர்களுக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. இந்தக் கரையோரம் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது, கல்லைக் கொட்ட வேண்டியதாயிற்று. பாண்டியில் 1980களில் கட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதே வேலையை நகரக் கடற்கரைக்குச் செய்தது. பிறகு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததில் ஒரு பகுதியில் மட்டும் மணல் திரும்பியிருக்கிறது. கல்லின் மேல் இறங்காதீர்கள். ஈரப் பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். அந்த மணல் துண்டிலும் குளிக்க இறங்க வேண்டாம்.

பாரடைஸ் பீச், ஆரோவில் இரண்டையும் இதே நாளில் திணிக்க வேண்டாம். முன்னதற்குச் சுண்ணாம்பாற்றில் படகுக்குக் காத்திருக்க வேண்டும். ஆரோவில் ஊருக்கு வெளியே, தனியாக அரை நாள் கேட்கும். அங்குள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திருக்கு உள்ளே போக முன்பதிவும் வேண்டும்.

கணக்கு

மெட்ரோ போக வர 100, பஸ் 400, மதியச் சாப்பாடு 150, ஊருக்குள் ஆட்டோ 80, காபியும் நொறுக்கும் 120, அருங்காட்சியகம், கழிப்பறை, தண்ணீருக்கு 50. ஆக 900. மீதி நூறைத் தொடாமல் வையுங்கள், இரவு தேவைப்படலாம்.

படி 8: திரும்புவது

5.15க்குக் கடற்கரையை விட்டு எழுந்துவிடுங்கள். மாலையில் ஆட்டோ தேடுவதற்கே பத்து நிமிடம் ஆகும். பாண்டியிலிருந்து மது பாட்டில் எதையும் பையில் வைக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸையும் நிறுத்திப் பார்ப்பார்கள். உங்கள் ஒருவரால் மொத்தப் பஸ்ஸும் நிற்கும்.

5.45 பஸ் என்றால் ஒன்பதரை மணிவாக்கில் சென்னைக்குள் வந்துவிடும். ஏறும்போதே நடத்துநரிடம் “கிண்டியில நிக்குமாண்ணே?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நின்றால் கோயம்பேடு வரை போகாமல் அங்கேயே இறங்குங்கள். கிண்டி மெட்ரோ நீல வழித்தடம் என்பதால் சென்ட்ரலில் மாறாமல் வண்ணாரப்பேட்டைக்கும் விம்கோ நகருக்கும் ஒரே ரயில். கடைசி ரயில்கள் பதினொரு மணிவாக்கில் என்பதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கையிருப்பு இருக்கும்.

ஈ.சி.ஆர். பஸ் கிடைக்கவே இல்லையென்றால் அரை மணிக்குமேல் காத்திருக்காமல் பைபாஸ் பஸ்ஸில் ஏறிக் கிளாம்பாக்கம் வாருங்கள். அங்கிருந்து மாநகர பஸ்ஸில் தாம்பரம், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு அதற்குமேல் ஆட்டோவுக்கு அந்த நூறு ரூபாய் உதவும். திருவொற்றியூர் தாண்டிப் போகிறவர்கள் பரங்கிமலையில் இறங்கி ஆலந்தூர் போகும் மெட்ரோவைப் பிடித்து, அங்கே நீல வழித்தடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.