மெல்ல மெல்ல முடிவதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

ஒரு செயல் சட்டென்று முடிந்துவிட்டால் அதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஸ்டாப்' என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் போதுமானது. சிறிது சிறிதாக முடிவதைச் சொல்லும்போதுதான் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். 'ஸ்லோலி ஸ்டாப்' என்று எழுதிவிட்டு, இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் ஏன் இயல்பாக ஒலிக்கவில்லை என்று யோசிக்கிறார்கள். அகராதியில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு தொடர்கள் கிடைக்கும். அவற்றுள் எதை எங்கே எடுப்பது என்பதைக் கீழ்க்காணும் வரிசையில் முடிவு செய்யலாம்.

முதல் படி: தானே ஓய்கிறதா, யாராவது நிறுத்துகிறார்களா?

சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'குறைகிறது, தணிகிறது, ஓய்கிறது' என்று வந்தால் தன்வினை. 'குறைக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், விலக்குகிறார்கள்' என்று வந்தால் பிறவினை. இந்த வேறுபாட்டைத் தமிழ் வினைவடிவத்திலேயே காட்டிவிடுகிறது என்பதால், தமிழ் அறிந்தவருக்கு இந்தப் படி மிக எளிது. ஆங்கிலத்திலோ எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் அது பெரும்பாலும் வெளிப்படும். 'ஃபேஸ் அவுட்', 'வீன் ஆஃப்' ஆகியவை பிறவினைப் பக்கம் நிற்பவை. 'பீட்டர் அவுட்', 'டை டவுன்', 'சப்சைட்' ஆகியவை தன்வினைப் பக்கம் நிற்பவை. 'வைண்ட் டவுன்', 'டேப்பர் ஆஃப்' ஆகிய இரண்டும் இரு பக்கமும் வரும். ஆகவே, ஒரு திட்டம் தானாகவே நீர்த்துப்போனால் 'தி பிளான் பீட்டர்ட் அவுட்' என்பது சரி; அதை அரசு நிறுத்தியதாகச் சொல்ல அந்தத் தொடரைப் பயன்படுத்தவே முடியாது.

இரண்டாம் படி: முடிவது எது?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு தொடருக்கும் பழகிய துணைகள் இருக்கின்றன.

'ஃபேஸ் அவுட்' என்பது திட்டமிட்டு, கட்டம் கட்டமாக ஒன்றைப் பயன்பாட்டிலிருந்து அகற்றுவது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்களைக் கைவிட 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தம், ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் இழை மின்விளக்குகளை விற்பனையிலிருந்து விலக்கியது போன்றவற்றைப் பற்றி எழுதும்போது இந்தத் தொடரைத்தான் காண்பீர்கள். முகத்தைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பி, எச் என்ற எழுத்துகளில் தொடங்குகிறது.

'டேப்பர் ஆஃப்' என்பது அளவோடு சேர்வது. ஸ்டெராய்டு மாத்திரைகளை நீண்ட நாள் உட்கொண்டவரின் உடல், தனக்கு வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்பதால், மருத்துவர் அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதற்கு 'டேப்பர்' என்றே பெயர். அமெரிக்க மத்திய வங்கி கடன்பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கப்போவதாக 2013இல் பேச்சு எழுந்தபோதும் இதே சொல்தான் செய்திகளில் நிறைந்திருந்தது.

'வீன் ஆஃப்' என்பதன் அடிப்படை, குழந்தையைத் தாய்ப்பால் மறக்கச் செய்வது. அதனால் ஒருவர் எதையாவது சார்ந்திருக்கும் நிலையிலிருந்து அவரை மெல்ல விடுவிக்கும் இடங்களில் மட்டுமே இது பொருந்தும். செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து நோயாளியை விடுவிப்பதற்கும் மருத்துவர்கள் இதையே சொல்கிறார்கள். ஒன்றை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள்: மருந்தின் அளவு 'டேப்பர்' ஆகிறது, மனிதர்தாம் 'வீன்' செய்யப்படுகிறார்.

'வைண்ட் டவுன்' என்பது நிறுவனம், கூட்டம், போர் போன்ற இயக்கங்களுக்கு உரியது. சாவி கொடுத்த கடிகாரத்தின் சுருள்வில் தளர்வதிலிருந்து வந்த வழக்கு என்பதால், வேலை முடிந்து ஒருவர் இளைப்பாறுவதற்கும் இது பொருந்துகிறது. காற்றைக் குறிக்கும் 'விண்ட்' என்பதற்கும் இதற்கும் எழுத்து ஒன்றே, உச்சரிப்பு வேறு. இறந்தகால வடிவத்தை 'வவுண்ட்' என்று சொல்ல வேண்டும்.

'பீட்டர் அவுட்' பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே வழங்கியது. தோண்டத் தோண்டக் கனிமப் படிவு மெலிந்து தீர்ந்துபோவதைக் குறித்தது. அதனால் இன்றும் அதில் லேசான ஏமாற்றம் தொனிக்கிறது. பாதை, உரையாடல், ஆர்வம் ஆகியவற்றுக்கு இது அழகாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெருப்பும் ஆரவாரமும் 'டை டவுன்', வெள்ளமும் வீக்கமும் 'சப்சைட்', பேசிக்கொண்டிருக்கும் குரல் 'டிரெயில் ஆஃப்', நிலவும் செல்வாக்கும் 'வேன்' (தேய்தல்; வண்டியைக் குறிக்கும் சொல் அன்று).

மூன்றாம் படி: முற்றிலும் முடிகிறதா, குறைவதோடு நிற்கிறதா?

'அவுட்' என்பது பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாத நிலையையும், 'டவுன்' என்பது தணிவையும் காட்டுகின்றன. காட்டுத்தீ 'டை டவுன்' ஆன பின்பும் கனன்றுகொண்டிருக்கலாம். ஓர் உயிரினம் 'டை அவுட்' ஆனால் மீண்டும் வராது. இந்தச் சிறு சொல்லின் கனத்தை 2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் உலகமே கண்டது. நிலக்கரி மின்னுற்பத்தி குறித்த வாசகத்தில் இருந்த 'ஃபேஸ் அவுட்', இந்தியா கடைசி நேரத்தில் முன்வைத்த திருத்தத்தின்பேரில் 'ஃபேஸ் டவுன்' என்று மாறியது. அதாவது கைவிடுதல் என்பது குறைத்தல் என்றாயிற்று, அந்த மாற்றத்தைப் பல நாடுகள் வெளிப்படையாகவே கண்டித்தன.

நான்காம் படி: சொற்களை வரிசைப்படுத்துதல்

'ஃபேஸ் அவுட்' தொடரில் செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் அதை நடுவிலும் வைக்கலாம், இறுதியிலும் வைக்கலாம். 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வரும்: 'ஃபேஸ் இட் அவுட்' சரி, 'ஃபேஸ் அவுட் இட்' தவறு. 'வீன்' என்பதற்கு அடுத்து மனிதரும், 'ஆஃப்' என்பதற்கு அடுத்துப் பழக்கமும் வரவேண்டும்: 'வீன் ஹிம் ஆஃப் காஃபி'.

இப்போது நீங்களே முயன்று பாருங்கள். 'பழைய மென்பொருளை அடுத்த ஆண்டுக்குள் படிப்படியாகக் கைவிடுகிறோம்', 'கைதட்டல் ஓய்ந்தது', 'அவருடைய ஆர்வம் நாளடைவில் வற்றிப்போனது' ஆகிய மூன்றுக்கும் தொடர்களைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதற்கு 'ஃபேஸ் அவுட்', இரண்டாவதற்கு 'டை டவுன்'. மூன்றாவதற்கு 'பீட்டர் அவுட்', 'வேன்' இரண்டுமே பொருந்தும். ஆர்வம் அடியோடு போய்விட்டது என்றால் முந்தையதையும், குறைந்துகொண்டே வருகிறது என்றால் பிந்தையதையும் எழுதுங்கள்.