எஸ்ஏபியில் ‘லாக்’ என்று வந்தால்: டிலீட் பட்டனுக்கு முன் பார்க்க வேண்டியவை

எஸ்ஏபி (நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல் போன்றவற்றை நடத்தும் மென்பொருள்) சிஸ்டத்தைப் பராமரிக்கும் பேசிஸ் வேலையில் இருப்பவர்களுக்கு மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வரும்: “சார், பீரியட் ஓப்பன் பண்ண முடியலை, லாக்னு சொல்லுது, கொஞ்சம் எடுத்துவிடுங்க.” பீரியட் ஓப்பன் என்றால் ஒரு மாதக் கணக்கில் பதிவு போட அனுமதி திறப்பது. நான் முதலில் கேட்பது இதுதான்: “மேடம், திரைக்குக் கீழே வந்திருக்கிற மெசேஜை அப்படியே படிங்க.” மூன்று வேறு வேறு சிக்கல்களை எல்லோரும் லாக் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு உதவாது.

மெசேஜில் வேறொருவரின் யூசர் ஐடி இருந்தால் அது முதல் வகை, சாதாரணப் பூட்டு: ஒருவர் மாற்றிக்கொண்டிருப்பதை இன்னொருவர் மாற்றாமல் எஸ்ஏபி தடுக்கிறது. பீரியடைத் திறந்து மூடும் ஓபி52 திரையை யாரோ மாற்றும் நிலையில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இந்த மாதிரித் திரைகள் பெரும்பாலும் ஒரு வரியோடு நிற்காமல் மொத்த டேபிளையும் பிடித்துக்கொள்ளும். பூட்டுகளின் பட்டியலைக் காட்டும் எஸ்எம்12-க்குப் போங்கள். யூசர் கட்டத்தில் உங்கள் ஐடியே தானாக நிரம்பியிருக்கும். அதை அழித்துவிட்டுத் தேடுங்கள். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதைக் கவனிக்காமல் “லாக் எதுவும் இல்லையே சார்” என்று வந்து நிற்பார்கள். பட்டியலில் டேபிள் பெயர் ஆர்எஸ்டேபிள் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். பக்கத்தில் லாக் ஆர்குமென்ட் என்ற இடத்தில் டி001பி (பீரியட் டேபிள்) என்று உண்மையான பெயர் இருக்கும். வரியை டபுள் கிளிக் செய்தால் எந்த டிரான்சாக்ஷன் (ஓபி52 போன்ற திரைக் கோட்), எந்த சர்வர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரியும்.

டிலீட் பட்டனும் அங்கேயே இருக்கும். அதை அழுத்தாதீர்கள். அழித்தால் பூட்டுதான் போகும்; பூட்டியவரின் திரை மூடாது. அவர் பழைய மதிப்புகளோடு இன்னும் மாற்றும் நிலையில்தான் இருக்கிறார். மேடம் புதிய பீரியடைத் திறந்து சேவ் செய்வார். டீ குடித்துவிட்டு வந்தவர் தன் திரையில் சேவ் அழுத்துவார். யாருடைய மாற்றம் நின்றது என்று மறுநாள் காலை யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் அந்த ஐடிக்காரருக்கு போன் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஆள் கிடைக்காவிட்டால் லாகின் செய்திருப்பவர்களைக் காட்டும் எஸ்எம்04-இல் அவருடைய செஷனை முடியுங்கள். பல ஆப் (அப்ளிகேஷன்) சர்வர்கள் இருந்தால் அவர் எதில் இருக்கிறார் என்று ஏஎல்08 காட்டும். செஷன் முடிந்தால் பூட்டு தானாக நீங்கிவிடும். எந்த சர்வரிலும் ஆள் இல்லை, பூட்டு மட்டும் நிற்கிறது என்றால்தான் டிலீட்டை யோசிக்கலாம். அப்போதும் நிலுவையில் உள்ள அப்டேட்டுகளைக் காட்டும் எஸ்எம்13 பார்க்காமல் கை வைக்காதீர்கள். பட்டியலில் நீல நிறத்தில் தெரியும் பூட்டு, அப்டேட் டாஸ்க்கிடம் (சேவ் செய்ததைப் பின்னணியில் டேட்டாபேஸில் எழுதும் வேலை) ஒப்படைக்கப்பட்ட பூட்டு. அப்டேட் நின்றுபோயிருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்; பூட்டை அழித்தால் எழுதி முடிக்காத டேட்டாவை இன்னொருவர் வந்து மாற்ற வழிவிட்டதாகும். மற்ற பூட்டுகள் என்க்யூ சர்வரின் (பூட்டுகளை நிர்வகிக்கும் சர்வர்) மெமரியில் மட்டும் இருக்கின்றன. நீலப் பூட்டுகள் ஃபைலிலும் எழுதப்படுவதால் என்க்யூ சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்ப வந்து நிற்கும்.

எஸ்எம்12-இல் ஒன்றுமே இல்லை, ஆனால் ப்ரோகிராம் நகரவில்லை என்றால் அது எஸ்ஏபி போடாமல் டேட்டாபேஸே போட்ட பூட்டாக இருக்கலாம். அவற்றைக் காட்டும் டிபி01 பாருங்கள்.

இரண்டாவது வகையில் எந்த யூசர் பெயரும் வராது. கிளையன்ட்டில் (ஒரே எஸ்ஏபி சிஸ்டத்துக்குள் தனி டேட்டாவோடு இருக்கும் பகுதி) மாற்றம் செய்ய அனுமதியில்லை என்று டிகே430 மெசேஜ் வரும். இது கிளையன்ட் அமைப்புகளுக்கான எஸ்சிசி4-இல் வேண்டுமென்றே போட்ட தடை. “ரெண்டு நிமிஷம் திறந்துவிடுங்க” என்று யார் கேட்டாலும் ப்ரொடக்ஷன் (அன்றாட வேலை உண்மையில் நடக்கும்) கிளையன்ட்டைத் திறக்காதீர்கள். மாற்றத்தை டெவலப்மென்ட் சிஸ்டத்தில் செய்து டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்ட் என்ற தொகுப்பில் கொண்டுவருவதுதான் முறை. பீரியட், எக்ஸ்சேஞ்ச் ரேட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் எஸ்ஏபியே விலக்கு வைத்திருக்கிறது: கிளையன்ட் பூட்டியிருந்தாலும் மாற்றலாம். ஆனால் எஸ்சிசி4-இல் அந்தக் கிளையன்ட்டின் ரோல் ப்ரொடக்ஷன் என்று இருக்க வேண்டும். சோதனைக்கான குவாலிட்டி சிஸ்டத்தில் ஓபி52 முரண்டு பிடித்து, ப்ரொடக்ஷனில் ஒழுங்காக வேலை செய்கிறதென்றால் முதலில் இந்த ரோலைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இன்னொருவரின் டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்ட்டில் மாட்டிக்கொண்ட ஆப்ஜெக்ட். ப்ரோகிராம், டேபிள் அமைப்பு போன்றவற்றில்தான் இது வரும். கிளையன்ட் அளவிலான சாதாரண கஸ்டமைசிங் (அமைப்பு மதிப்புகள்) ரிக்வெஸ்ட் இப்படிப் பூட்டாது. எஸ்இ03-இல் எந்த ரிக்வெஸ்ட் பிடித்திருக்கிறது என்று தேடலாம். ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால் எஸ்இ09-இல் ரிக்வெஸ்ட்டின் ஓனரை மாற்றுங்கள். ஆள் இருந்தால் அதே ரிக்வெஸ்ட்டில் உங்களுக்கு ஒரு டாஸ்க் (துணைப் பகுதி) போட்டுத் தரச் சொல்லுங்கள். எஸ்இ03-இல் வலுக்கட்டாயமாகப் பூட்டைத் திறக்கும் கருவியும் உண்டு. நான் அதை எடுப்பதில்லை. ரிக்வெஸ்ட் ரிலீஸ் (அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்ப விடுவிப்பது) ஆகும்போது அந்த நேரத்தில் ஆக்டிவாக இருக்கிற கோட்தான் போகும். அவர் பாதி எழுதி ஆக்டிவேட் செய்து வைத்திருப்பது உங்கள் ரிக்வெஸ்ட்டோடு சேர்ந்து ப்ரொடக்ஷனுக்குப் போய்விடும்.